டொக்டரிடம் கேளுங்கள்: பத்து மணிக் கொத்துரொட்டியும் நெஞ்செரிவும்

கேள்வி: எனக்கு வயது 46. சாம்பல்தீவில் இருந்து ஓட்டோ ஓடுகிறேன். சீசன் நாட்களில் நிலாவெளி ஹோட்டல், கோணேசர் கோயில் என்று ஓடி முடிய இரவு பத்து மணி தாண்டிவிடும். வரும் வழியில் கொத்துரொட்டி, வந்ததும் படுக்கை. நடுச்சாமத்தில் தொண்டை வரை புளித்த தண்ணி ஏறி, இருமி எழும்புகிறேன். மூன்று தலையணை வைத்தும் சரிவரவில்லை. எரியும் நேரத்தில் பாமசியில் வாங்கிய ஒமிப்ரசோல் ஒன்று போடுவேன். மனைவி உறைப்பை அடியோடு நிறுத்திவிட்டார். வேறென்ன செய்யலாம்?

பதில்: மனைவி நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் எனக்கு உறுத்துவது அந்தப் பத்து மணிக் கொத்துரொட்டிதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு முட்டினால் அது அடிக்கடி தளரும். எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றை விட்டுப் போகவும் நேரமெடுக்கும். உட்கார்ந்திருந்தால் மேலேறிய அமிலம் தானாக இறங்கிவிடும். தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு என்பதால் ஏறியது அங்கேயே கிடந்து அரிக்கும்.

ஆகவே படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன்னரே சாப்பிட்டு முடியுங்கள். இடியப்பமோ பிட்டோ பார்சல் கட்டிக்கொண்டு போய், ஹோட்டல் வாசலில் ஆளுக்குக் காத்திருக்கும்போதே ஏழு மணிக்குச் சாப்பிடலாம். உறைப்பு எல்லாருக்கும் ஆகாது என்றில்லை. நேரத்தை மட்டும் மாற்றிவிட்டு, கட்டச்சம்பலைப் பழையபடி சாப்பிட்டுப் பாருங்கள். எரியாவிட்டால் அதை ஏன் பாவம் ஒதுக்க வேண்டும்?

தலையணையைக் குவித்தால் உடம்பு இடுப்பில் மடிந்து வயிறு நசியும், எரிவு கூடத்தான் செய்யும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் கல் வைத்து, ஆடாதபடி 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இடப்பக்கம் சரிந்து படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும்.

மாத்திரை விஷயம்தான் நான் தினமும் மல்லுக்கட்டுவது. சட்டைப்பையில் ஒமிப்ரசோல் அட்டை இல்லாமல் யாரும் என்னிடம் வருவதில்லை போல! எரியத் தொடங்கிய பிறகு அதைப் போட்டு உடனே சுகம் தேடுவது வீண். அது அடக்குவது இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகளை. அந்தப் பம்புகள் சாப்பாட்டோடுதான் முழு வேகத்தில் விழிக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னர், வெறும் வயிற்றில், டொக்டர் சொன்னபடி நாள் தவறாமல் 4 முதல் 8 வாரம் எடுக்க வேண்டும். உடனடிச் சுகத்துக்குச் சப்பும் அன்டசிட் மாத்திரை போதும்.

அப்புறம், நாரி நோவுக்கு டைக்ளோபெனக் போடுகிறீர்களா? ஓட்டோக்காரர் பலர் போடுகிறார்கள். வயிற்றைப் புண்ணாக்கும், டொக்டரிடம் மறைக்காதீர்கள். சிகரெட் இருந்தால் அதையும் விடுங்கள்.

சாப்பாடு விழுங்கச் சிக்கினால், காரணமின்றி மெலிந்தால், இரத்த வாந்தி வந்தால், மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எண்டொஸ்கோபி (கமெராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை) தேவைப்படலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ நோவு பரவினால் அதை வாயு என்று தள்ளாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உங்கள் ஓட்டோவை நீங்களே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது.

கேள்வி: மூதூரில் இருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. எலும்புக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை கொடுக்கிறார்கள். பிளேன்ரீயோடு விழுங்கிவிட்டுப் படுக்கிறார். அன்று முழுக்க நெஞ்செரிவு.

பதில்: இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறையப் பச்சைத் தண்ணியோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேநீர் அதற்குப் பிறகுதான். இப்போதே எரிவு இருப்பதால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.