கம்ப்யூட்டர் கேள்வி பதில்: டி டிரைவில் இருக்கும் விண்டோஸ் ஃபைலை அழிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மேலூர் பஸ் நிலையம் அருகே டிடிபி, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். புதிதாக விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்த தம்பி, அதன் இன்ஸ்டலேஷன் ஃபைலை டி டிரைவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறு ஜிபிக்குப் பக்கம் வருகிறது. "அழித்துவிடாதீர்கள் அக்கா, பின்னால் உதவும்" என்றார். அது இருந்தால் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் நாங்களே சரிசெய்துகொள்ளலாமா? இல்லை, இடத்தை அடைப்பதுதான் மிச்சமா?
- வாசகி, மேலூர்

பதில்: அழிக்க வேண்டாம் அம்மா. அந்தத் தம்பி சொன்னது சரிதான். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். விண்டோஸ் ஓடிக்கொண்டே தொல்லை கொடுக்கும்போது அந்த ஃபைல் கைகொடுக்கும். விண்டோஸ் எழுந்திருக்கவே மறுத்தால் கைகொடுக்காது.

இது பழைய வழக்கம். விண்டோஸ் 98 காலத்தில் புதிதாக ஒரு பிரிண்டரை இணைத்தால்கூட, சிடியைப் போடு என்று கேட்கும். சிடியில் கீறல் விழுந்திருந்தால் வேலை அத்தோடு நின்றது. அதனால் சிடியில் இருந்த 'வின்98' ஃபோல்டரை முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிடுவோம். எக்ஸ்பி வந்தபோது 'ஐ386' ஃபோல்டருக்கும் அதே மரியாதை.

இன்றும் தேவை தீர்ந்துவிடவில்லை. திருமங்கலத்தில் ஓர் அரிசி மண்டியில், பழைய பில் போடும் மென்பொருள் புதிய விண்டோஸில் திறக்கவே இல்லை. அதற்கு டாட் நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் அதை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்தது. அன்றைக்கு மண்டியில் இணையம் இல்லை. வாசலில் லாரி, உள்ளே பில்லுக்குக் காத்திருக்கும் வியாபாரிகள். இன்ஸ்டலேஷன் ஃபைலுக்குள் 'சோர்சஸ்' என்ற ஃபோல்டரும் அதற்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஃபோல்டரும் இருக்கும். டாட் நெட் 3.5 அங்கேதான் இருக்கிறது. டி டிரைவில் அது இருந்ததால், இணையம் இல்லாமலேயே நிறுவி பில் போட ஆரம்பித்தார்கள்.

உங்கள் கடையில் விண்டோஸ் அடிக்கடி உறைந்து நின்றால், டி டிரைவில் இருக்கும் அந்த இன்ஸ்டலேஷன் ஃபைலை (இதை ஐஎஸ்ஓ ஃபைல் என்பார்கள்) இரட்டை கிளிக் செய்யுங்கள். சிடி போட்டதுபோல் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். அதில் 'செட்அப்' என்பதை இயக்கி, சொந்த ஃபைல்களும் செயலிகளும் அப்படியே இருக்கட்டும் என்ற பொருளில் வரும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் ஃபான்ட்டும் டிசைனும் இருந்த இடத்தில் இருக்கும். அந்த வாய்ப்பு மங்கலாகத் தெரிந்தால் மேலே போகாதீர்கள். விண்டோஸின் மொழியோ பதிப்போ பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இனி, அவர் சொல்லாமல் விட்ட பாதி. சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டாகத் தெரிந்தாலும், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அவை ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பீரோவின் மாற்றுச் சாவியை அதே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். டிஸ்க் நன்றாக இருந்து விண்டோஸ் மட்டும் கிளம்பாவிட்டாலும், டி டிரைவில் சும்மா இருக்கும் ஐஎஸ்ஓ தானாகக் கம்ப்யூட்டரைக் கிளப்பாது.

ஆகவே மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வரும்போது பில்லோடு ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி போதும். நடைபாதையில் அடிமாட்டு விலைக்கு 1 டிபி என்று விற்பதை வாங்காதீர்கள், பல போலி. ஐஎஸ்ஓ ஃபைலை அதில் அப்படியே காப்பி செய்தால் பயன் இல்லை. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. வேறு முறையில் ஃபார்மேட் செய்து காப்பி செய்தாலும் பூட் ஆகாது, அதாவது அதிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் தயார் செய்யுங்கள். அது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடும். தயாரானதும் ஒரு முறை அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய கீ, டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9. முதல் திரை வந்தால் போதும், நிறுத்திவிடலாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. விண்டோஸ் எத்தனை முறை போனாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். உங்கள் வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீசும் எந்தத் தளத்திலும் கிடைக்காது. அவற்றை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வாரம் தவறாமல் காப்பி செய்யுங்கள். இடப்பற்றாக்குறைக்கும் அதுவே வழி.

கேள்வி: விண்டோஸை அப்கிரேடு செய்தபின் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு பெரிய ஃபோல்டர் வந்திருக்கிறது. இதையும் பாதுகாக்க வேண்டுமா?
- கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. அது இன்ஸ்டலேஷன் ஃபைல் அல்ல, உங்கள் பழைய விண்டோஸ். புதியது பிடிக்காமல் திரும்பிப் போக நினைத்தால் அது தேவை. அதற்கு 10 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் விண்டோஸே அதை நீக்கிவிடும். முன்பே இடம் வேண்டுமென்றால், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், தற்காலிக ஃபைல்கள் பட்டியலில் பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்; உங்கள் பாடக் குறிப்புகள் அங்கே இருக்கலாம்.