பிரிட்ஜ்: கணக்குத் தெரிந்தால் ஏலம் புரியும்

கேள்வி: முன்னூற்று நாலு சீட்டாட்டம் ஆடிப் பழகியவன். பிரிட்ஜ் கற்க அது உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். எதிரே இருப்பவர் கூட்டாளி, ஏலம் கேட்பது, துருப்பால் வெட்டுவது எல்லாம் உங்களுக்குப் பழக்கம். ஆனால் இங்கே ஜாக் பெரியதல்ல, ஏஸ்தான் பெரியது. பிடியில் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றில்) விழும் சீட்டுக்குப் புள்ளி இல்லை. எத்தனை பிடி என்பதுதான் கணக்கு.

கேள்வி: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3 என்கிறார்களே?

பதில்: ராணி 2, ஜாக் 1, கட்டு முழுக்க 40. அது ஏலம் கேட்கக் கையை எடை போட மட்டும். ஸ்கோரில் சேராது.

கேள்வி: பத்துப் பிடி எடுத்தும் எங்களுக்குக் குறைவாக வந்தது. ஏன்?

பதில்: எடுப்பதாக நீங்கள் ஏலத்தில் கேட்ட பிடிகள் குறைவாக இருந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது. முதல் ஆறு பிடிக்கு மதிப்பில்லை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கிளாவர், டைமனில் 20. ஆர்ட்டின், ஸ்பேடில் 30. துருப்பில்லாத நோ டிரம்பில் முதலாவதற்கு 40, பிறகு 30. *கேட்ட* பிடிகள் மட்டும் சேர்ந்து 100 ஆனால் கேம், போனஸ் 300. இல்லாவிட்டால் 50தான். நாலு ஆர்ட்டின் (ஆறுக்கு மேல் நாலு, அதாவது பத்துப் பிடி) கேட்டுப் பத்து எடுத்தால் 120 + 300 = 420. இரண்டு கேட்டு அதே பத்து எடுத்தால், கேட்டதற்கு 60தான், கேம் இல்லை: 120 + 50 = 170. அதே சீட்டு, 250 போய்விட்டது! அதனால்தான் கூட்டாளிகள் இருவர் கையும் சேர்ந்து எடைப் புள்ளி 25 வரும்போது துணிந்து கேட்கச் சொல்கிறேன். மூன்று நோ டிரம்ப்பை எல்லோரும் விரும்புவதும் இதனால்தான்: ஒன்பதே பிடியில் 100.

கேள்வி: 'வல்னரபிள்' என்றால்?

பதில்: லாபமும் நஷ்டமும் கூடும் நிலை. கேம் போனஸ் 500 ஆகும். கேட்டதில் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் 50க்குப் பதில் 100 போகும். எதிரி டபுள் (கேட்டதை எடுக்கமாட்டீர்கள் என்ற சவால்) சொல்லி இரண்டு குறைந்தால் சாதாரண நிலையில் 300, வல்னரபிளில் 500. எதிரியின் 420ஐத் தடுக்க நீங்களே மேலே கேட்டுத் தோற்று 300 கொடுப்பது நல்ல வியாபாரம். 500 கொடுப்பது நஷ்டம். 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் ஹெரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் வகுத்த கணக்கிலிருந்து வந்தது இது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

கேள்வி: வயது 58. தாமதமா?

பதில்: இல்லவே இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு வயது 60.

கேள்வி: டூப்ளிகேட் ஆட்டத்தில் (அதே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் முறையில்) ஸ்கோரை யார் எழுதுவது?

பதில்: வழக்கமாக வடக்கு இருக்கையில் இருப்பவர். எதிரணி சரிபார்க்கும். ஆடிய சீட்டைக் கவிழ்த்து உங்கள் முன்னாலேயே வரிசையாக வையுங்கள், ஜெயித்த பிடி நெடுக்காக, தோற்றது குறுக்காக. எண்ணிக்கை ஒத்துப்போகும்வரை யாரும் சீட்டைக் கலைக்கக் கூடாது.