வாசகர் கேள்வி – பதில்: குறிப்பைத் தாருங்கள் என்னும் ஆசிரியர்கள்

கேள்வி: வளர்ந்தோர் தம் கற்றலைத் தாமே வழிநடத்துவர் என்று படித்திருக்கிறேன். ஆனால், நான் நடத்தும் செயலமர்வுகளுக்கு வரும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் "குறிப்பைத் தாருங்கள், போதும்" என்கிறார்கள். கோட்பாடு பிழையா?
– ஆசிரிய ஆலோசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: கோட்பாட்டை முன்வைத்த அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸே பின்னர் அதைத் திருத்திக்கொண்டார். 1970இல் சிறுவர் கற்பித்தலையும் வளர்ந்தோர் கற்றலையும் எதிரெதிராக நிறுத்திய அவர், 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அவற்றை ஒரே கோட்டின் இரு முனைகளாகவே கண்டார். கல்வியாளர் ஜெரால்ட் குரோ 1991இல் இதை நான்கு படிகளாக விரித்து, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் ஒரு தொடக்கப் படியே என்றார். பதினைந்து ஆண்டுகள் பல்தர வகுப்பை (பல தர மாணவர் ஒன்றாக அமரும் வகுப்பை) ஒற்றையாளாக நடத்திய ஆசிரியை அதில் எவருக்கும் பாடம் சொல்லக்கூடியவர். கணினி விரிதாளுக்கு முன் அவரும் அரிச்சுவடி மாணவியே. அங்கே குறிப்புக் கேட்பது சோம்பல் ஆகாது (குறிப்பெழுதியே பரீட்சை கடந்து வந்தவர்கள்தாமே நாம் எல்லோரும்!). ஆகவே முதல் நாளில் குறிப்பைக் கொடுங்கள். அடுத்த அமர்வுக்குள், தம் வகுப்பில் தீர்க்க விரும்பும் ஒரு சிக்கலையும், அது தீர்ந்ததை எதைக்கொண்டு காட்டுவார் என்பதையும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி வரட்டும். நோல்ஸ் இதைக் கற்றல் ஒப்பந்தம் என்பார்.