கிணற்றுத் தண்ணீரில் முழுகினால் தலை ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். வீட்டுக் கிணற்றில்தான் தலை முழுகுவேன். கிழமையில் இரண்டு தரம் ஷாம்போ போட்டும் வேர்ப்பக்கம் பிசுபிசுக்கிறது, நுனி கயிறு மாதிரிக் கிடக்கிறது. பின்னேரங்களில் பிள்ளைகளோடு கடலிலும் இறங்குவேன். ஷாம்போவை மாற்றி மாற்றிப் பார்த்தாச்சு. கண்டிஷனர் பூசினால் மயிர் கொட்டும் என்று மாமி தடுக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஷாம்போவை மாற்றியது போதும். எனக்குச் சந்தேகம் உங்கள் கிணற்றின் மேல்தான்.

முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். மூடியுள்ள இரண்டு போத்தல்கள் எடுங்கள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர், இரண்டிலும் அரைவாசி. உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைக் கத்தியால் சுரண்டி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரை எழும்பாமல், வெள்ளையாக ஏதோ திரிதிரியாக மிதந்தால் அது வன்னீர். தண்ணீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து அப்படித் திரள்கின்றன. தலைக்குச் சவர்க்காரம் போடுகிறவர்களுக்கு மயிரில் ஒட்டுவதும் அதேதான், ஆகவே குளியல் சவர்க்காரம் தலைக்கு வேண்டாம். ஷாம்போ அப்படித் திரளாது. ஆனால் அந்தக் கல்சியம் மயிரில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து சொரசொரப்பாக்கும். எந்த ஷாம்போ வாங்கினாலும் அதே கிணற்றில்தானே கழுவுகிறீர்கள்!

கொதிக்க வைத்து ஆற்றினால் சரிவராதா என்று கேட்பீர்கள். வன்மையில் ஒரு பகுதி போகும், முழுதும் போகாது. தண்ணீரில் உப்புக் கரிப்பு இருந்தால் கொதிக்க வைத்துப் பயனே இல்லை.

கிணற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஷாம்போ போட்டு அலசுவது வரை கிணற்றுத் தண்ணீரே போதும். கடைசியாக ஊற்றும் ஒரு வாளி மட்டும் குழாய்த் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். கடைசியில் மயிரில் தங்கிக் காய்வது அந்தத் தண்ணீர்தான். ஐப்பசி முதல் தை வரை நம்மூரில் மழைக்குக் குறைவில்லை. முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையைப் பீப்பாயில் பிடியுங்கள். பீப்பாயை இறுக்கி மூடாவிட்டால் நுளம்பு குடியிருக்கும், பிறகு டெங்குக் கதை. ஏற்கெனவே படிந்திருப்பதை எடுக்க, கல்சியத்தைப் பிடித்து இழுக்கும் கீலேட்டிங் (chelating) ஷாம்போ என்று விற்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தரம் போதும், அதற்கு மேல் போட்டால் வறண்டுவிடும்.

இனி முழுகும் முறை. ஷாம்போ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் நுனிக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், உங்கள் வேர்ப் பிசுபிசுப்பில் இதற்கும் பங்கிருக்கலாம். ஷாம்போவை உள்ளங்கையில் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, விரல் நுனியால் தலைத்தோலைத் தேயுங்கள். நகம் படக்கூடாது. நீளமான மயிரைச் சுருட்டி உச்சியில் வைத்துக் கசக்க வேண்டாம், அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும். நீங்கள் போதும் என்று நினைத்த பிறகும் கொஞ்ச நேரம் அலசுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஊற்றுவதுபோல வீட்டிலும் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வறண்ட மயிருக்கு அது கூடாது, வெதுவெதுப்பே போதும்.

அப்புறம் மயிரில் உள்ள தண்ணீரைக் கையால் பிழிந்துவிடுங்கள். சொட்டச் சொட்ட இருந்தால் கண்டிஷனர் வழிந்தோடிவிடும். காதுக்குக் கீழே தொடங்கி நுனி வரை பூசி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். தேய்ந்த மயிரின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது, கண்டிஷனரில் உள்ள பொருள் நேர் மின்னேற்றம் கொண்டது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால் தேய்ந்த இடத்தில்தான் அது அதிகம் ஒட்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைத் தவறவிடாதீர்கள்.

மாமியின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. எல்லோருக்கும் நாளைக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிரும். கிழமையில் இரண்டு தரம் மட்டும் முழுகினால், மூன்று நாலு நாள் உதிர்ந்து சிக்கிக் கிடந்தவை எல்லாம் கண்டிஷனரின் வழுக்கலில் ஒரே நேரத்தில் சீப்போடு வந்துவிடும். பார்த்தால் கைநிறையத் தெரியும். அவை ஏற்கெனவே வேரைவிட்டுக் கழன்றவை. மாமி அரப்பு அவித்துத் தந்தால் மறுக்காதீர்கள், வன்னீரிலும் அது வேலை செய்யும். துணியில் வடித்துவிட்டுப் பூசுங்கள், இல்லாவிட்டால் தூள் நாள் முழுக்க உதிரும். தேசிக்காய் விட்டால் நிறையத் தண்ணீரில் கலந்து, பிறகு நன்றாகக் கழுவிவிட்டே வெயிலில் போங்கள். தேசிச்சாறு பட்ட தோல் வெயிலில் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

கடலுக்குப் போகுமுன் மயிரை நல்ல தண்ணீரில் நனைத்து, நுனியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிப் பின்னிக்கொள்ளுங்கள். நனைந்த மயிர் உப்புத் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும். தேங்காயெண்ணெய் மயிரின் உள்ளே இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஒவ்வொரு தரமும் ஷாம்போ தேவையில்லை.

சொடுகு இருந்தால் மட்டும் எண்ணெயை இரவு முழுக்கத் தலைத்தோலில் ஊறவிடாதீர்கள். சொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அதுவே தீனி. பாமசியில் கீட்டோகொனசோல் ஷாம்போ வாங்கி, கிழமைக்கு இரண்டு தரம் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஒரு மாதத்தில் குறையாவிட்டாலும், வகிடு அகலமாகிக்கொண்டு போனாலும், வட்ட வட்டமாகச் சொட்டை தெரிந்தாலும் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.