ஐசியுவிலிருந்து திரும்பிய பட்டாளத்து அப்பாவுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ஷகர்கர் பகுதியில் இருந்தார். அண்மையில் கடுமையான நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதில் ஒன்பது நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பகலில் பாதி நேரம் தூங்குகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "லைட்டை அணை" என்று கத்துகிறார், அம்மாவைப் பிடித்துத் தள்ளுகிறார். வாக்கரைத் தொட மறுக்கிறார். போரைப் பற்றி இதுவரை எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. மூளை குழம்பிவிட்டதா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா? சாப்பிடும்போது கொஞ்சம் இருமுகிறார், மற்றபடி சாப்பாடு பரவாயில்லை. டிசம்பர் 16 விஜய் திவஸ் (அந்தப் போரின் வெற்றி நாள்) நிகழ்ச்சிக்கு வருஷம் தவறாமல் போவார். இந்த வருஷம் போக முடியுமா? (குடியாத்தத்திலிருந்து ஒரு மகள்)

முதியோர் நல மருத்துவரின் பதில்:

தூக்க மாத்திரை வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இருமலை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான்.

ஒன்பது நாள் தொண்டைக்குள் குழாய் இருந்திருக்கிறது. அதை எடுத்த பிறகு விழுங்கும் தசைகள் உடனே பழைய வேலைக்குத் திரும்புவதில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அப்படி இறங்கினால் நிமோனியா திரும்ப வரும். தண்ணீர் குடித்ததும் அப்பாவை "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் கரகரவென்று, தொண்டையில் நீர் நிற்பது போலக் கேட்டால் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டி இவர்கள் இருப்பார்கள். குரல் மாறாவிட்டாலும் இருமல் தொடர்ந்தால் காட்டத்தான் வேண்டும். சிலருக்கு இருமல்கூட வராமலே உள்ளே இறங்கும்.

அதுவரை செய்ய வேண்டியது: கட்டிலில் சாய்த்து ஊட்டாதீர்கள், நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், சாப்பிட்டபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். சின்ன ஸ்பூன், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். டிவியை நிறுத்திவிடுங்கள். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. பட்டாளத்தில் வாட்டர் பாட்டிலைத் தூக்கிக் குடித்துப் பழகியவருக்குக் கேட்கவே வேண்டாம். கழுத்து பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்துகொள்கிறது. இனி டம்ளரில் வாய் வைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, ஒவ்வொரு மிடறாகக் குடிக்கட்டும். தண்ணீர், காபி போன்ற மெல்லிய திரவங்கள்தான் அதிகம் தவறி இறங்கும். பருக்கையும் நீருமாகக் கலந்த ரசம் சாதம் இன்னும் கஷ்டம். குழைத்த பருப்பு சாதம், கெட்டித் தயிர், கேழ்வரகுக் கூழ் எளிதாக இறங்கும். காலையும் இரவும் பல் தேய்த்துவிடுங்கள், பல் செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். வாயில் தேங்கும் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

இனி இரவுக் கூச்சலுக்கு வருகிறேன். ஐசியுவிலிருந்து வரும் முதியவர்களில் பலருக்குப் புத்தித் தடுமாற்றம் வருகிறது. டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இது பைத்தியமும் இல்லை, மறதி நோயும் இல்லை. காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் குழம்புவார், நேரத்துக்கு நேரம் மாறும். வாரக் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லிப் பாருங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. நேற்று சொன்னவர் இன்று பாதியில் நின்று போனால் டெலிரியம் இன்னும் விட்டுப்போகவில்லை என்று சந்தேகிக்கலாம். அதற்குப் பின்னால் பெரும்பாலும் சாதாரணக் காரணம் ஒன்று ஒளிந்திருக்கும்: சிறுநீர் கட்டியிருப்பது, நாலு நாளாக வயிறு போகாதது, ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்தது, எங்கோ வலி, புதிதாக வந்த கிருமித் தொற்று. பகலில் அவர் அதிகம் தூங்குவதும் இதன் அமைதியான வடிவமாக இருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐசியுவில் கை கால் உதறுகிறார் என்று ஆரம்பித்த குவெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்ற மாத்திரைகள் நிறுத்த ஆளில்லாமல் வீடு வரைக்கும் தொடர்ந்து வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன் கொட்டி "இது இன்னும் தேவையா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இந்த நிலைமையில் அல்பிரசோலாம் மாதிரி ஒரு தூக்க மாத்திரையைச் சேர்த்தால் குழப்பம் கூடும், விழுங்குவது மந்தமாகும், பாத்ரூமுக்கு எழும்போது விழுவார். இடுப்பு எலும்பு உடைந்தால் மறுபடி ஆஸ்பத்திரிதான். மெடிக்கலில் சும்மா வாங்கும் ஜலதோஷ மாத்திரையும், குளோர்பெனிரமின் இருந்தால், இந்த வயதில் புத்தியைக் கலக்கும்.

ஆனால் "லைட்டை அணை" என்று அவர் சொல்வதை வெறும் உளறல் என்று நினைக்காதீர்கள். ஷகர்கர் பகுதி ஜம்முவுக்கும் பதான்கோட்டுக்கும் இடைப்பட்ட எல்லை. 1971 டிசம்பர் 3 முதல் 17 வரை மேற்கு முனையில் கண்ணிவெடி வயல்களுக்கு நடுவே கடுமையாகச் சண்டை நடந்த இடம். இரவில் வெளிச்சம் தெரிந்தால் பீரங்கி இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும், குண்டு அங்கேயே வந்து விழும். அவருக்கு அப்போது இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருந்திருக்கும். அப்படிப் பழகிய உடம்பை ஐசியுவில் படுக்க வைத்து, விடிய விடிய விளக்கு எரிய, மானிட்டர் அலறிக்கொண்டிருக்க, குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையையும் கட்டினால் எது எந்தக் காலம் என்று மனம் குழம்பத்தான் செய்யும்.

வேலையும் குடும்பமுமாக ஓடிய வருடங்களில் அமுங்கிக் கிடந்த போர் நினைவுகள், முதுமையில் ஒரு பெரிய நோயோ மனைவியின் மறைவோ வரும்போது மேலே வருவதை அமெரிக்காவில் வியட்நாம், கொரியப் போர் வீரர்களிடம் மருத்துவர்கள் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வருஷம் பேசாமல் இருந்தவர் இப்போது கத்துகிறார் என்றால் அவர் கோழையாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோரும், முக்கியமாக அம்மா, தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கத்தும்போது பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், முகத்துக்கு மேல் குனியாதீர்கள். அம்மாவைத் தள்ளியது அதனால்தான் என்று நினைக்கிறேன். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று "அப்பா, நான்தான். நீங்க நம்ம வீட்லதான் இருக்கீங்க. குடியாத்தம். எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தெரு விளக்கு கண்ணில் அடிக்காதபடி ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அவர் கண்ணுக்கு நேராகப் படாமல், பாத்ரூம் வழியில் தரையை ஒட்டி ஒரு சின்ன பல்ப் மட்டும் எரியட்டும். கொஞ்ச நாளைக்கு அம்மா தனிக் கட்டிலில் படுப்பது நல்லது.

பகலில் ஐசியு நாட்களை அவருக்கு வரிசையாகச் சொல்லுங்கள். எந்த நாளில் குழாய் போட்டார்கள், ஏன் கையைக் கட்டினார்கள், யார் பார்க்க வந்தார்கள், எப்போது கண் திறந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் மனதில் இருப்பது துண்டு துண்டான பயங்கரக் காட்சிகள்தான். நடந்தது தெரிந்தால் பயம் குறையும். போரைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவராக ஆரம்பித்தால் "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று மூடிவிடாதீர்கள். மகளிடம் சொல்ல முடியாததை இன்னொரு பட்டாளத்தாரிடம் சொல்லுவார். வேலூர்ப் பக்கம் எக்ஸ் சர்வீஸ்மேன் இல்லாத கிராமம் அபூர்வம், கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர் வயதுக்காரர் ஒருவரை வாரம் ஒரு முறை வந்து உட்காரச் சொல்லுங்கள். இப்படியெல்லாம் செய்தும் பயமும் தூக்கமின்மையும் குறையாவிட்டால், அல்லது "நான் போயிருக்கலாம்" என்று பேச ஆரம்பித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கண் மூடியபடியே குத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து எகிறுவது என்று இருந்தால், அதுவும் நோய் வருவதற்கு முன்பே இருந்தது என்று அம்மா சொன்னால், அது தூக்கத்தில் கனவுக்கேற்ப உடம்பு அசையும் வேறொரு நோயாக இருக்கலாம். பார்கின்சன் நோய்க்கு முன்னறிவிப்பாகவும் அது வருவதுண்டு. மொபைலில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. பீரங்கி பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நான் நம்பவில்லை. கேட்காதவருக்குக் குழப்பம் அதிகம் வரும். காது மிஷின் பீரோவில் கிடந்தால் பேட்டரி போட்டு மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் பரிசோதனை செய்யுங்கள்.

பட்டாளத்து கேன்டீனில் வாங்கும் ரம்மைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். தினம் இரவு ஒன்று, இரண்டு பெக் பழக்கம் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சட்டென்று நின்றதும் ஐசியு குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்போது "தூக்கத்துக்காகக் கொஞ்சம்" என்று மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இனி கால்கள். ஐசியுவில் முதல் பத்து நாளிலேயே தொடைத் தசையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடக்கூடும். அதனால்தான் எழ முடியவில்லை, சோம்பல் இல்லை. தசை திரும்ப வர இரண்டு வேண்டும்: புரதமும் எழுந்து நிற்பதும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. 55 கிலோ இருந்தால் 66 முதல் 82 கிராம் வரை. இரண்டு முட்டை, அரை லிட்டர் பாலும் தயிரும், நூறு கிராம் மீன் சேர்த்தால் ஐம்பதுக்குப் பக்கம் வந்துவிடும். மிச்சத்தைப் பருப்பிலும் நன்றாகக் குழைய வேகவைத்து மசித்த கடலையிலும் பிடித்துவிடலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு) அதிகம் என்று சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

கைப்பிடி வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுவது ஐந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுக்குத்தான். வாரம் ஒன்றிரண்டு கூட்டலாம். இதைப் "பயிற்சி" என்று கெஞ்சாதீர்கள். காலை ஆறு மணிக்கு பி.டி. என்று நேரம் குறித்து, ஒரு நோட்டில் அவரே எண்ணிக்கையை எழுதட்டும். ரெக்ரூட் காலத்தில் பழகிய ஒழுங்கு இன்னும் உள்ளே இருக்கும். வாக்கரை அவர் மறுப்பது மானப் பிரச்சினை. விஜய் திவஸுக்குத் தன் காலால் நடந்து போக வேண்டும் என்றால் அதுவரைக்கும் இது வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட்டை விட்டுச் சொல்ல வையுங்கள். பெற்ற பிள்ளை சொன்னால் கேட்காத அப்பாக்கள் வெளியாள் சொன்னால் கேட்பார்கள். ஆனால் இந்த முறை நிகழ்ச்சிக்கு வீல்சேரில் போய் மேடைக்கு முன் நாலடி நடந்தாலே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நோய்க்குப் பின் பலம் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம். கொஞ்சம் குறை நின்றுவிடவும் கூடும்.

நடக்க வைப்பதற்கு முன் படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்திலும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் மாத்திரையும் இதற்குக் காரணமாகலாம்.

மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் ஓடினால், ஓய்வில் ஆக்சிஜன் 92-க்குக் கீழ் இறங்கினால், திடீரென்று குழப்பம் கூடிச் சாப்பாட்டை ஒதுக்கினால் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த வயதில் நிமோனியா காய்ச்சலே இல்லாமலும் வரும். தேறியதும் நிமோனியா தடுப்பூசியையும் வருஷாந்திர ஃப்ளூ காய்ச்சல் ஊசியையும் கேட்டுப் போடுங்கள்.

அப்பா பென்ஷன்காரர் என்பதால் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை இருக்கலாம். பிசியோதெரபிக்கும் காது மிஷினுக்கும் வேலூர் பாலிகிளினிக்கில் ரெஃபரல் கேளுங்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், இல்லையென்றால் பணம் திரும்ப வாங்குவது சிரமம். பென்ஷனுக்கான லைஃப் சர்ட்டிபிகேட்டுக்கு அவரை அலைக்கழிக்காதீர்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்துப் பதிந்துவிட்டுப் போவார். 80 வயது தொடும் மாதத்திலிருந்து அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரும். ஆவணங்களில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், அந்தக் காலத்தில் பட்டாளத்தில் சேரும்போது குத்துமதிப்பாக எழுதிய தேதிகள் நிறைய உண்டு.