மெயிலில் ‘வாஸ்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். "தி பார்சல் வாஸ் சென்ட்" சரி, "தி பார்சல் வாஸ் அரைவ்டு" தப்பு என்கிறார் மேனேஜர். இரண்டுமே முடிந்துபோன விஷயம்தானே?

பதில்: உங்கள் மேனேஜர் சொன்னதுதான் சரி. முடிந்துபோன விஷயம் என்பதற்காக ‘வாஸ்’ வருவதில்லை. ‘அனுப்பப்பட்டது’ என்பதில் ‘பட்டது’ செய்கிற வேலையைத்தான் அங்கே ‘வாஸ்’ செய்கிறது. யாரோ அனுப்பினார்கள், பார்சல் அனுப்பப்பட்டது. இதுதான் பாஸ்ட் சிம்பிள் பாசிவ்.

சந்தேகம் வந்தால் தமிழில் ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். எதை அனுப்பினார்கள்? பார்சலை. பதில் வந்துவிட்டது, பாசிவ் எழுதலாம். எதை வந்தது? கேள்வியே நிற்கவில்லை. ‘வரப்பட்டது’ என்று நாம் யாரும் சொல்வதில்லையே! ஆகவே "தி பார்சல் அரைவ்டு" மட்டும்தான். ஹேப்பன், அக்கர், டை, டிஸப்பியர் எல்லாம் இதே ஜாதி. "ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்" என்று விடைத்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. ‘நடக்கப்பட்டது’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளையே திருத்தியிருக்கும்.

இந்தச் சோதனைக்கு அடங்காத ஒன்று உண்டு. நாம் ‘பிறந்தேன்’ என்கிறோம், ஆங்கிலத்தில் "ஐ வாஸ் பார்ன்". அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் வேலையில் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டிய சொல் ‘ஸ்டாப்’. தமிழில் நின்றது வேறு, நிறுத்தியது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். "தி மெஷின் ஸ்டாப்டு" என்றால் மெஷின் தானாக நின்றுபோனது. "தி மெஷின் வாஸ் ஸ்டாப்டு" என்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஒரு ‘வாஸ்’ கூடிவிட்டால், ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் பதில் சொல்லவேண்டி வரும். ‘ஓப்பன்’, ‘பிரேக்’ இரண்டும் இப்படித்தான்.

‘வாஸ்’ஸுக்குப் பின்னால் மூன்றாம் பத்திச் சொல் வரவேண்டும். பள்ளியில் ரைட், ரோட், ரிட்டன் என்று எழுதிப் படித்தோமே, அதில் கடைசி. "வாஸ் ரோட்" கிடையாது, "வாஸ் ரிட்டன்".

"தி கார்ட்டன்ஸ் வாஸ் லோடட்" என்று எழுதுவதற்கும் நம் பேச்சுதான் காரணம். ‘பெட்டிங்க எல்லாம் ஏத்தியாச்சு, போயிடுச்சு’ என்று அஃறிணைப் பன்மைக்கும் ஒருமை வினையே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலம் அதை ஏற்காது: "தி கார்ட்டன்ஸ் வேர் லோடட்". ‘கூட்ஸ்’ஸும் பன்மைதான்.

நேற்று, திங்கட்கிழமை, 2023 என்று முடிந்த காலத்தைச் சொன்னால் ‘வாஸ்’, ‘வேர்’தான். "ஹாஸ் பீன் சென்ட் யெஸ்டர்டே" தவறு. நாள் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்ற செய்தி மட்டும் போதுமென்றால் ‘ஹாஸ் பீன் சென்ட்’ எழுதலாம்.

‘பை’ போட்டு ஆளைச் சொல்வது, ஆள் முக்கியமானால் மட்டும். தஞ்சைப் பெரிய கோயில் "வாஸ் பில்ட் பை ராஜராஜ சோழன்" என்பதில் ராஜராஜன்தான் செய்தி. உங்கள் மெயிலில் ‘பை அஸ்’ வேண்டாம். அனுப்பியது நீங்கள்தான் என்று வாங்குபவருக்குத் தெரியும். "தி கார்ட்டன்ஸ் வேர் லோடட் ஆன் மண்டே ஈவினிங்" என்று எழுதி அனுப்புங்கள்.