ரொக்செட் வீடியோத் தொகுப்பும் வட்டவளை மழையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, என் அண்ணன் துபாயில் வேலை செய்த காலத்தில் வாங்கிவந்த, ரொக்செட் என்ற சுவீடன் நாட்டு இருவர் இசைக்குழுவின் டிவிடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த இருவரின் வீடியோப் பாடல்கள் எல்லாம் அடங்கிய, 2003இல் வெளியான தொகுப்பு. பழைய பெட்டித் தொலைக்காட்சியில் அருமையாகத் தெரிந்தது. இப்போது 43 அங்குலத் தட்டைத் தொலைக்காட்சி வாங்கியிருக்கிறோம். அதில் முகங்கள் அகலமாகவும் படம் மங்கலாகவும் தெரிகின்றன. எங்களிடம் இருப்பது போலி இறுவட்டா? — வாசகி, பண்டாரவளை

பதில்: போலியா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். இறுவட்டைத் திருப்பி அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். தொழிற்சாலையில் அச்சிட்டது வெள்ளியாகவோ இலேசான பொன்னிறமாகவோ இருக்கும். கணினியில் பதிவு செய்தது ஊதா நிறம் காட்டும். நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் பொடி எழுத்துகளும் எண்களும் தெரிந்தால், உங்கள் அண்ணன் நல்ல பொருளுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்.

இனி முகம் அகன்ற கதை. அந்தப் பாடல்கள் எடுக்கப்பட்ட காலத்தில் தொலைக்காட்சித் திரையின் அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. உங்கள் புதிய திரை 16க்கு 9. அது வெறும் இடத்தைப் பொறுக்காமல் படத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. தொலைக்காட்சியின் படத் தெரிவுகளுக்குள் போய் 4:3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். வீட்டில் யாராவது "காசு கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே" என்று சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். பாடகி மரீ பிரெட்ரிக்சனின் ஒடுங்கிய முகத்தை அந்த முகமாகவே பார்க்க வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் வேறு. டிவிடியில் உள்ள ஒரு படத்தில் 720க்கு 576 புள்ளிகள் இருக்கின்றன. அதாவது நாலு லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம். உங்கள் திரை முழு எச்டி என்றால் அதில் இருபது லட்சத்துக்கு மேல். ஐந்து மடங்கு பெரிய இடத்தை இருப்பதைக் கொண்டு நிரப்பச் சொன்னால் படம் இளகத்தான் செய்யும். இதற்கு அடியில் இன்னொன்றும் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இப்படியான பாடல்களைப் பெரும்பாலும் சினிமாப் படச்சுருளில்தான் எடுத்தார்கள். ஆனால் வெட்டி ஒட்டியதெல்லாம் வீடியோ நாடாவில். வண்ணம் சேர்த்ததும் எழுத்துப் போட்டதும் அந்த நாடாவில்தான். ஆகவே டிவிடி செய்தவர்கள் கையில் இருந்த மூலமே வீடியோ நாடா. அதில் இல்லாத துல்லியத்தை இறுவட்டு எங்கிருந்து கொண்டுவரும்? அசல் படச்சுருளைத் தேடியெடுத்து, புதிதாக வருடி (ஸ்கேன் செய்து), ஒவ்வொரு வெட்டையும் மறுபடி பொருத்தினால்தான் இன்றைய திரைக்கு ஏற்ற படம் கிடைக்கும். அதற்குப் பெரும் செலவாகும். சில பாடல்களுக்கு மட்டுமே அந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிவிடி கருவியை மஞ்சள் முனை வயரில் இணைத்திருந்தால் அதைக் கழற்றுங்கள். அந்த ஒற்றை வயரில் ஒளியும் வண்ணமும் கலந்து வந்து, விளிம்புகளில் நிறம் கசியும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துளைகள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் இன்னும் நல்லது. தொலைக்காட்சியின் 'கூர்மை' அளவையும் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். அது புதிய விவரம் எதையும் தராது, விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மட்டும் போடும்.

சரிசெய்தபின் முதலில் 'லிசன் டு யுவர் ஹார்ட்' பாடலைப் போடுங்கள். சுவீடனில் ஏலாண்ட் தீவில் உள்ள போர்க்ஹோல்ம் கோட்டை இடிபாட்டில் அதை எடுத்தார்கள். கூரை இல்லாத கல் மதில்களுக்கு நடுவே மேடை போட்டு, கூட்டத்தை நிற்கவைத்து, கோடைகாலத்து வெளிச்சத்தில் பாடினார்கள். ஹட்டனில் எங்கள் வீடியோக் கடைக்கு இந்தப் பாடல் வந்தபோது அது பிரதியின் பிரதியாக இருந்தது. கல்லும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. உங்கள் டிவிடியில் கல்லைக் கல்லாகப் பார்க்கலாம்.

கசெட் காலத்தவர்கள் மகிழ வேண்டிய செய்தி ஒன்றும் இந்தப் பாடலுக்கு உண்டு. 1989 நவம்பரில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தபோது, அங்கே இதன் ஏழு அங்குல இசைத்தட்டு விற்பனைக்கே வந்திருக்கவில்லை. கசெட்டாக விற்றே முதலிடம் பிடித்தது. அப்படி வந்த முதல் பாடல் இதுதான். ஹால்ம்ஸ்டாட் என்ற கடலோரச் சிறு நகரிலிருந்து 1986இல் புறப்பட்ட இரண்டு பேர் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. அதே 1989 ஏப்ரலில் அவர்களுடைய 'த லுக்' முதலிடம் போனதற்கும் காரணம் பெரிய நிறுவனம் எதுவும் அல்ல. சுவீடனில் படிக்கப் போயிருந்த மினியாபொலிஸ் மாணவர் ஒருவர் அவர்களுடைய இசைத்தொகுப்பை ஊருக்குக் கொண்டுபோய் வானொலி நிலையத்தில் கொடுத்தார். அங்கிருந்துதான் அது பரவியது.

கேள்வி: 1995இல் வந்த ரொக்செட் வீடியோ கசெட் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. துடைத்துவிட்டு டெக்கில் போடலாமா? — வாசகர், வட்டவளை

பதில்: போடாதீர்கள். தயவுசெய்து போடவே போடாதீர்கள். அது தூள் அல்ல, பூஞ்சணம். டெக்குக்குள் போனால் சுழலும் தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்துப் போடும் கலியாணக் கசெட்டுக்கும் பரவும். இலங்கையில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று. கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியா வரை எனக்கு வந்த கசெட்டுகளில் பூஞ்சணம் இல்லாதவை குறைவு. ஊவாப் பக்கத்துக் கசெட்டுகள் அவ்வளவு மோசமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறும் காற்றாகத்தான் அங்கே போகிறது.

முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கசெட்டை மூடி இறுகிய தகரப் பேணியில் வைத்துச் சில வாரங்கள் விடுங்கள். நம்மவர்கள் எதையும் விறகடுப்புக்கு மேல் பரணில் காயவைப்பார்கள். கசெட்டுக்கு அது ஆகாது. சூட்டில் நாடா நெளியும், புகையும் படியும். வெயிலில் வைப்பதும் அப்படித்தான்.

காய்ந்த பிறகு, மழை இல்லாத நாளில், ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை உங்களுக்கு வாய்ப்பான காலம், வீட்டுக்கு வெளியே வைத்துத் திறவுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வர வேண்டாம். அடியில் ஐந்து திருகாணிகள் இருக்கும். கசெட்டை நிமிர்த்திப் பிடித்து மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். நாடா எந்த வழியாகப் போகிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருளின் ஓரங்களில் உள்ள பூஞ்சணத்தை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் மதுசாரத்தை இலேசாகத் தொட்டுத் துடையுங்கள். 99 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் நீர் அதிகம். நன்றாக உலர்ந்ததும் இரு சுருள்களையும் சுத்தமான வேறொரு கசெட்டின் கூட்டுக்குள் மாற்றுங்கள். பழைய கூட்டை வைத்திருக்காதீர்கள், அதில் விதை இருக்கும்.

பாடல் மட்டும் வேண்டும் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை, இந்தப் பாடல்கள் 2003 டிவிடியிலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கசெட்டைக் கொடுத்தவர் முக்கியமானவர் என்றால், அல்லது கடைசியில் வெறுமையாக இருந்த நாடாவில் வீட்டில் யாராவது எதையாவது பதிந்திருந்தால், செய்யுங்கள். கடைக்கு வந்த கசெட்டுகளில் படம் முடிந்தபிறகு லயத்துத் திருவிழாவும், முதல் பிறந்தநாளும், ஒரு தாத்தாவின் பேச்சும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சின்னம்மா ரியாத்தில் வீட்டு வேலை செய்தபோது அங்கே தொலைக்காட்சியில் வந்த ஆங்கிலப் பாடல்களைப் பதிந்து அனுப்பினார். எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடுகிறது. வண்ணம் அழிந்துவிட்டதா? — வாசகி, பொகவந்தலாவை

பதில்: அழியவில்லை. சவூதியின் தொலைக்காட்சி அப்போது 'செக்காம்' (SECAM) என்ற வண்ண முறையில் ஒளிபரப்பானது, நம்முடையது 'பால்' (PAL) என்ற முறை. வரிகளும் வேகமும் ஒன்றுதான், அதனால் படம் ஓடுகிறது. வண்ணத்தை எழுதிய விதம் வேறு, அதனால் உங்கள் டெக் அதைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிடுகிறது. 'மீசெக்காம்' (MESECAM) என்று முகப்பிலோ பின்புறத்திலோ எழுதிய பல்முறை டெக் ஒன்றில் போட்டால் வண்ணம் வரும். வளைகுடாவிலிருந்து வந்த டெக்குகளில் பல அப்படிப்பட்டவை. அக்கம்பக்கத்து அலுமாரிகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சவூதி வீடுகளில் 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது. பின்புறத்தில் வோல்ட் மாற்றும் விசை இருந்தால், சொருகுமுன் அது 220 அல்லது 240இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவில் கண்விழித்துப் பாட்டுப் பதிந்து அனுப்பிய சின்னம்மாவுக்கு அதை வண்ணத்தில் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: எல்லாப் பாடலும் கைபேசியில் இருக்கும்போது ரொக்செட் டிவிடி எதற்கு அலுமாரியில்? மகன் எறியச் சொல்கிறான். — வாசகர், லுணுகலை

பதில்: எறியாதீர்கள். இணையத்தில் உலவும் பழைய பாடல்கள் பலவற்றில், அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். தலைமுடி போய்விட்டது, கிட்டார் பிடித்த கை போய்விட்டது. வேறு சிலவற்றைக் கணினியைக் கொண்டு 'தெளிவாக்கி' முகங்களை மெழுகுபோல் ஆக்கியிருக்கிறார்கள். இன்று இருக்கும் பதிவு நாளை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. உங்கள் கையில் இருப்பதை யாரும் வந்து மாற்ற முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தொகுப்பை இருந்த இருப்பில் வருடவாரியாகப் பாருங்கள். எண்பதுகளின் தோல் சட்டையில் தொடங்கி, 1999இல் யோனாஸ் ஓகர்லுண்ட் இயக்கிய 'விஷ் ஐ குட் ஃப்ளை', அன்டன் கோர்பைன் இயக்கிய 'ஸ்டார்ஸ்' வரை வந்தால், ஒரு பெண் பாடகி கமராவுக்கு முன் தன்னை எப்படி மாற்றிக்கொண்டார் என்பது தெரியும். தொடக்கத்தில் கமரா அவரைச் சுற்றி ஓடுகிறது. போகப்போக அவர் அசையாமல் நிற்கிறார், கமரா அவரிடம் வருகிறது. தனித்தனிப் பாடலாகக் கைபேசியில் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

2002 செப்டெம்பரில் மரீ வீட்டில் விழுந்தார், மூளையில் கட்டி என்று கண்டறிந்தார்கள். தொகுப்பு வெளிவந்தது அடுத்த ஆண்டு. அவர் மறுபடி பாடுவாரா என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. பிறகு பாடினார். குழுவின் மற்றவரான பேர் கெஸ்லேயோடு உலகம் சுற்றினார், 2016 வரை மேடையில் நின்றார். 2019 டிசம்பர் 9ஆம் திகதி, 61 வயதில் இறந்தார். 'முழுத் தொகுப்பு' என்று உறையில் எழுதியிருந்தாலும் 2003க்குப் பிறகு வந்தவை இதில் இல்லை. அவற்றை மட்டும் மகனிடம் கைபேசியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இருவர் குழுக்களில் வேறு யாருடைய வீடியோத் தொகுப்பைத் தேடி வாங்கலாம்? வெளிநாட்டு டிவிடி இங்கே ஓடுமா? — வாசகர், தலவாக்கலை

பதில்: பெட் ஷொப் போய்ஸ். அவர்களும் 2003இல் 'பொப்ஆர்ட்' என்று டிவிடி வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாடலுக்கும் அவர்களே பேசும் விளக்கத்தைத் தனி ஒலித்தடத்தில் கேட்கலாம். டெரெக் ஜார்மன் என்ற ஆங்கிலேய இயக்குநர் 1987இல் எடுத்த 'இட்ஸ் எ சின்' பாடலுக்காகவே வாங்கலாம். ப்ளூரே கருவி வைத்திருப்பவர்கள் 2023இல் வந்த 'ஸ்மாஷ்' தொகுப்பைத் தேடுங்கள், இரண்டு ப்ளூரே வட்டுகளில் 2020 வரையிலான பாடல்கள் இருக்கின்றன.

வட்டுகளை உலகின் பகுதிகளுக்கு ஏற்ப வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு வலயத்து வட்டு மற்ற வலயத்துக் கருவியில் ஓடாமல் போகலாம். இலங்கை டிவிடிக்கு ஐந்தாம் வலயம், ப்ளூரேக்கு சி வலயம். டிவிடி உறையின் பின்னால் பூமி உருண்டைப் படத்துக்குள் வலய எண் இருக்கும். பூச்சியம் அல்லது 'எல்லா வலயமும்' என்றிருந்தால் கவலை இல்லை, இசைத் தொகுப்புகள் பல அப்படித்தான் வருகின்றன. இரண்டு என்றிருந்தால் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ ஆனது. உங்கள் கருவி எல்லா வலயமும் படிக்குமா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: டெக் கசெட்டை விழுங்குகிறது, ஆனால் ஓட்டாமல் வெளியே தள்ளுகிறது. புதிது வாங்கலாமா? — வாசகர், நானுஓயா

பதில்: புதிது கிடைக்காது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தியதோடு உலகில் டெக் தயாரிப்பு முடிந்தது. உங்களுடையதில் அநேகமாக ரப்பர் பட்டிதான் தளர்ந்திருக்கும். மேல்மூடியைத் திறந்து, பழைய பட்டியைக் கையோடு கொண்டுபோய் அதே சுற்றளவில் வாங்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு திறவுங்கள். சுழலும் உருளையைப் பஞ்சுக்குச்சியால் மேலும் கீழும் தேய்க்காதீர்கள், படம் படிக்கும் முனைகள் ஒடிந்துவிடும். டெக் ஓடத் தொடங்கியதும் முக்கியமான கசெட்டைப் போடாதீர்கள். தேவையில்லாத ஒன்றைப் போட்டு, இறுதிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிப் பாருங்கள். நாடாவின் ஓரம் மடங்காமல் வந்தால் மற்றதைப் போடலாம்.